அனுமதியின்றி முளைத்த காடு

எங்கள் அலுவலகத்தின் முழுப் பெயர், ஆப்பிரிக்கக் கிராம மக்கள் பங்கேற்பு வன மீட்பு மற்றும் வாழ்வாதார மதிப்பீட்டு மையம். பெயர்ப்பலகை வாசலின் அகலத்தைவிட நீளமாக வந்துவிட்டதால் அதை இரண்டாக அறுத்து மாட்டியிருந்தார்கள். முதல் பாதி மட்டாஞ்சேரியில் பஜார் சாலையைப் பார்த்து இருந்தது. 'வன மீட்பு'க்குப் பிறகு வருவதெல்லாம் மாடியில், குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில்.

கீழே சுக்குக் கிடங்கு. மாடியில் நாங்கள். கீழே மூட்டை இறக்கினால் மேலே எல்லோரும் தும்முவோம்.

ஆப்பிரிக்காவின் காடு மட்டாஞ்சேரிக்கு ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் ஒரு நிதியம் இருந்தது. ஆப்பிரிக்கக் கிராமங்களில் மக்கள் தாமாகவே காட்டை மீட்டால், அந்த நிலத்தை அவர்கள் பெயருக்கே எழுதிக்கொடுக்க வேண்டும் என்று அது அங்குள்ள அரசுகளோடு ஒப்பந்தம் செய்திருந்தது. காடு வளர்ந்துவிட்டது என்று யாராவது சான்றிதழ் தர வேண்டும். ஐரோப்பியர் தந்தால் ஆதிக்கம். ஆப்பிரிக்கர் தந்தால் சொந்தக்காரர் சாட்சி. ஆகவே இந்தியர் தருவது என்று முடிவாயிற்று. இந்தியாவில் குறைந்த வாடகைக்கு ஒரு மாடி மட்டாஞ்சேரியில் காலியாக இருந்தது.

டைரக்டர் சிவசங்கரன் சார் கப்பல் ஏஜென்சி ஒன்றில் முப்பத்தொரு வருஷம் மொம்பாசா சரக்குக் காகிதங்களைப் பார்த்தவர். ஆப்பிரிக்காவுக்குப் போனதில்லை. போகிற கப்பலில் ஒருமுறை ஏறி, சங்கு ஊதியதும் இறங்கியிருக்கிறார். அவருடைய நாற்காலி ஜன்னலைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. வருகிறவர்களிடம் வெளியே கைகாட்டி, "அந்தண்டையாக்கும் ஆப்பிரிக்கா. தினமும் பார்த்துண்டே இருக்கேன்" என்பார். ஜன்னல் கிழக்குப் பக்கம். அதில் தெரிந்தது கொச்சித் துறைமுகத்து வெலிங்டன் தீவு.

நான் தொழில்நுட்ப உதவியாளர். பி.எஸ்ஸி. தாவரவியல். இந்த வேலையை வாங்கித் தந்தவர் எங்கள் தெருவில் குடியிருக்கும் விஸ்வேஸ்வரன் மாமா, மையத்தின் சூப்பரண்ட். "ஆபீஸ்ல மாமான்னு கூப்பிடாதே கேட்டோ. சார்னு சொல்லணும்" என்று முதல் நாளே சொன்னார். தெருவில் மாமா, படியேறினால் சார் என்று என் நாக்கு மாறவில்லை. அதனால் அவரைக் கூப்பிடாமலேயே ஒன்றரை வருஷம் வேலை பார்த்தேன்.

மையத்தின் உயிர் படிவம் 9. அதில் இருபத்திரண்டு கட்டங்கள். நட்ட கன்றுகள், வரிசைகள், வரிசைக்கு வரிசை இடைவெளி, முதல் கன்றை நட்டவர், அவர் பதவி, நட்ட தேதி, நேரம், நாடா வெட்டப்பட்டதா, பட்டுப்போன கன்றுகள். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தால் காடு தேறிவிடும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் தேறாது. நான் சேர்ந்த மாதத்தில் ஒரு கிராமம் நாற்பதாயிரம் கன்று நட்டு, முப்பத்தொன்பதாயிரத்து இருநூறு பட்டுப்போய், முதல் வகுப்பில் தேறியது. "எத்தனை சுத்தமா நிரப்பியிருக்கா பார்" என்று டைரக்டர் அந்தப் படிவத்தைக் கண்ணாடி போட்டு மாட்டச் சொன்னார்.

நடுவதில் டைரக்டருக்கு இருந்த ஈடுபாட்டைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மொட்டைமாடியில் ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. மையத்துக்கு வரும் ஒவ்வொரு பிரமுகரும் அதில் ஒரு கன்று நட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இடம் ஒன்றுதான். எனவே பிரமுகர் படியிறங்கியதும், பெருக்கித் துடைத்துச் சாயா போடும் சந்தனமாரி அக்கா அந்தக் கன்றைப் பிடுங்கிக் குழியைத் தயாராக வைப்பார். சுவரில் நாற்பத்தாறு பேர்களும் தேதிகளும் வரிசையாக எழுதியிருந்தன. வருடாந்தர அறிக்கையில் அந்தத் தொட்டி 'நகர்ப்புறக் காடு' என்ற தலைப்பில் வரும்.

1986 ஆகஸ்டில் டான்சானியாவின் உட்பகுதியில் ம்வகிலா என்ற கிராமத்திலிருந்து ஒரு படிவம் 9 வந்தது. நட்ட கன்றுகள்: இல்லை. வரிசைகள்: இல்லை. முதல் கன்றை நட்டவர்: யாரும் இல்லை. பட்டுப்போன கன்றுகள்: இல்லை. வளர்ந்த மரங்கள் என்ற கட்டத்தில் மட்டும், 'எண்ண முடியவில்லை, மிகவும் அடர்த்தி' என்று எழுதியிருந்தது.

கூடவே ஒரு கடிதமும் இரண்டு போட்டோக்களும் இருந்தன. கடிதம் சிறியது. ஏழு வருஷத்துக்கு முன்னால் எங்கள் குன்றை அடைத்தோம். ஆடு மாடு எதையும் உள்ளே விடவில்லை. வெட்டிப்போன மரங்களின் வேர் மண்ணுக்குள் உயிரோடுதான் இருந்தது. அடிக்கட்டையில் தளிர் வந்தது. நல்ல தளிர் இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கழித்தோம். வேறொன்றும் செய்யவில்லை. இப்படிக்கு, கபூலா, ம்வகிலா பெண்கள் குழு.

முதல் போட்டோவில் குன்று மொட்டையாக இருந்தது. இரண்டாவதில் குன்றே தெரியவில்லை.

எனக்கு அது புரிந்தது. வெட்டிய மரம் அடிக்கட்டையிலிருந்து தளிர்ப்பது இரண்டாம் வருஷப் பாடத்தில் அரைப் பக்கம் உண்டு. பரீட்சைக்கு வராது என்று அதை விட்டுவிடச் சொல்லியிருந்தார்கள். நான் படித்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

டைரக்டர் படிவத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "பட்டுப்போனது ஒண்ணுகூட இல்லையாமா? அப்போ இவா எதையோ மறைக்கறா."

"நட்டாத்தானே சார் பட்டுப்போறதுக்கு" என்றார் விஸ்வேஸ்வரன் மாமா.

"அதைத்தான் நானும் சொல்றேன். நடலைன்னா அப்புறம் இது என்ன?" போட்டோவைத் தட்டினார்.

கீழே மூட்டை இறங்கியது. தும்மினோம்.

சந்தேகத்துக்குரிய கிராமம் தன் பிரதிநிதியைப் பத்து நாள் தெளிவுப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. செலவு நிதியத்துடையது. மார்ச் 31-க்குள் சான்றிதழ் கிடைக்காவிட்டால் அந்த நிலம் தரிசுப் பட்டியலுக்குப் போய்விடும். தரிசு என்று எழுதப்பட்ட குன்றைப் புகையிலைக் கம்பெனிக்குக் கொடுப்பார்கள். புகையிலை உலர்த்த அவர்களுக்கு விறகு வேண்டும்.

"தரிசில் விறகு எப்படி..." என்று விஸ்வேஸ்வரன் மாமாவைக் கேட்டேன்.

"அது அந்த ஊர் காரியம். நமக்கெதுக்கு?" என்றார்.

கபூலா அம்மையார் மார்ச் பதினெட்டாம் தேதி வந்தார். ஐம்பது வயதிருக்கும். உயரம். தலையில் மஞ்சள் துணி கட்டியிருந்தார். படகுத் துறையில் நான் பேர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னையும் அட்டையையும் பார்த்துவிட்டு, "உன்னைத்தவிர வேறு யாரும் என்னைத் தேடுகிற மாதிரித் தெரியவில்லை" என்றார். அவருக்கு மிஷன் பள்ளி இங்கிலீஷ். எனக்குப் பாடப்புத்தக இங்கிலீஷ். இரண்டும் மெதுவாக நடக்கிறவை. ஒன்றுக்கொன்று ஒத்துவந்தன.

முதல் நாள் வகுப்பு, 'காடு என்றால் என்ன?' நடத்தியவர் டைரக்டர். கேட்டவர்கள் கபூலாவும் நானும். அவர் இங்கிலீஷில் பேசியதைத் தமிழில் தருகிறேன். கம்பீரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

"காடு என்பது மரங்கள் அல்ல. அது சாதாரண மக்களின் எண்ணம். காடு என்பது ஒரு திட்டம். திட்டத்தில் தொடக்க விழா உண்டு. முன்னேற்ற அறிக்கை உண்டு. மரமும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மரம் கடைசியில் வர வேண்டும். முதலிலேயே மரம் வந்துவிட்டால் திட்டத்துக்கு அங்கே என்ன வேலை? இதை ஆப்பிரிக்கா புரிந்துகொள்ளவில்லை. நான் இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

வெலிங்டன் தீவைக் காட்டினார். கபூலா எட்டிப் பார்த்தார்.

"அது என்ன ஊர்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

இரண்டாம் நாள் நடும் பயிற்சி. மொட்டைமாடித் தொட்டியில் ஒரு தேக்கங்கன்று நட வைத்தார்கள். கபூலா மண்ணை விரலால் கிளறினார். சுவரில் இருந்த நாற்பத்தாறு பேர்களையும் படித்தார்.

"இத்தனை பேர் நட்டிருக்கிறார்கள். மரங்கள் எங்கே?"

டைரக்டர் சிரித்தார். "நல்ல கேள்வி. பராமரிப்பு வேறு துறை."

மூன்றாம் நாள் 'மக்கள் பங்கேற்பு.' அதற்கு மக்கள் வேண்டும். விஸ்வேஸ்வரன் மாமா கீழே போய்ச் சுக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிற எட்டுப் பேரை அழைத்து வந்தார். வட்டமாக உட்கார வைத்து ஆளுக்கொரு சாயாவும் பழம்பொரியும் கொடுத்தோம். யூனியன் கூட்டம் என்று நினைத்து ஒருவர் கொடியோடு வந்திருந்தார். டைரக்டர் அவர்களுடைய மேஸ்திரி சுப்புராஜைப் பார்த்து, "நீர் ஒரு கிராமவாசின்னு வச்சுக்கும். உம்ம காட்டுக்கு என்ன வேணும்?" என்றார்.

சுப்புராஜ் யோசித்தார். "சார், கீழ லோடு நிக்குது. லாரிக்காரன் கத்துறான். காட்டுக்கு வேணுங்கிறத நீங்களே எழுதிக்கிடுங்க."

"எழுதிக்கோ கமலாக்ஷி" என்றார் டைரக்டர் என்னிடம். "மக்கள் முழு அதிகாரத்தையும் மையத்துக்கே அளித்தனர்."

எழுதிக்கொண்டேன்.

அன்று சாயா நேரத்தில் சந்தனமாரி அக்கா ஸ்டவ்வைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சங்கரன்கோயில் பக்கம். மகனோடு எர்ணாகுளத்துக்கு வந்து ஆறு வருஷம். கபூலா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தன் துணி மூட்டையை அவிழ்த்தார். உள்ளே ஒரு காய்ந்த அடிக்கட்டை. முஷ்டி கனம். அதன் மேல்புறத்தில் கோடரி வெட்டு. பக்கத்திலிருந்து இரண்டு கிளைகள் வளர்ந்து, அவையும் வெட்டப்பட்டிருந்தன. சான்றிதழ் கமிட்டிக்குக் காட்டக் கொண்டு வந்திருக்கிறார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்று சூப்பரண்ட் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சந்தனமாரி அக்கா அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல என்ன அதிசயம்? எங்க ஊர்ல வேம்ப வெட்டிப் போட்டா அடியில இருந்து கொத்தாத் தளுக்கும்லா. ஆடு வாய் வைக்காமப் பாத்துக்கிட்டா மரந்தான். இதச் சொல்லவா இந்தம்மாவ ஏரோப்ளேன்ல ஏத்திக் கொண்டாந்தாக?"

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். கபூலா சந்தனமாரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாகச் சிரித்தார். பிறகு குன்றை அடைத்த கதையைச் சொன்னார். நான் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன்.

முதல் வருஷம் ஒரே சண்டை. மேய்ச்சலுக்கு எங்கே போவது என்று ஆண்கள் கத்தினார்கள். கூட்டம் மூன்று நாள் நடந்தது. கடைசியில் ஒரு விதி போட்டார்கள். யாருடைய ஆடு உள்ளே போனாலும் ஓர் ஆட்டை அறுத்து ஊருக்குச் சாப்பாடு போட வேண்டும். முதலில் மாட்டியது கபூலாவின் தம்பி. அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதாராம். ஊரே சாப்பிட்டது. கபூலாவும் சாப்பிட்டார்.

"நல்லா இருந்துச்சாமா?" என்று கேட்டார் சந்தனமாரி அக்கா.

"தம்பியின் ஆடு. ருசி அதிகம்" என்றார் கபூலா.

இப்போது கோடைக் கடைசியில் இரண்டு மாதம் குன்றைத் திறந்து புல்லுக்கு மாடுகளை விடுகிறார்கள். தேன் கிடைக்கிறது. முன்னே விறகுக்குப் போனால் விடிந்து கிளம்பி இருட்டித் திரும்ப வேண்டும். அவர் மகள் இப்போது உலையை வைத்துவிட்டுப் போய் அது கொதிப்பதற்குள் திரும்பிவிடுகிறாளாம்.

"உலை வைக்கும்போதே வீட்டில் விறகு இருக்குமே" என்று நான் கேட்டேன்.

"மறுநாள் விறகுக்குப் போகிறாள், மக்கு" என்றார்.

மார்ச் 26-ஆம் தேதி கமிட்டி கூடியது. கமிட்டி என்பது டைரக்டரும் சூப்பரண்டும். ஆள் கணக்கு குறையாமல் இருக்க நானும் உட்காருவேன். எனக்கு ஓட்டு கிடையாது. டைரக்டர் தீர்மானத்தைச் சொன்னார். நான் எழுதினேன்.

"ம்வகிலா குன்றில் திட்டமோ அனுமதியோ இன்றித் தாமாக முளைத்துள்ள தாவரங்களை மையம் கவலையுடன் கவனித்தது. மையம் காட்டுக்கு எதிரானது அல்ல. எனினும் இத்தகைய காடுகளை ஊக்குவித்தால், நாளை எந்தக் குன்றும் யாரையும் கேளாமல் பச்சையாகிவிடும் அபாயம் உள்ளது. ஆகவே மேற்படி தாவரங்களை முற்றிலும் அகற்றி, தரையைச் சமன் செய்து, தைலமரக் கன்றுகள் இரண்டு லட்சத்தை இரண்டு மீட்டர் இடைவெளியில் வரிசையாக நட்டு, தொடக்க விழா நடத்தி, புதிய படிவம் 9 அனுப்பினால், மையம் அதைப் பரிவுடன் பரிசீலிக்கும்."

என் பேனா நின்றது.

"சார், அது ஏற்கெனவே காடுதான்" என்றேன். கமிட்டியில் நான் பேசிய முதல் வாக்கியம் அது. விஸ்வேஸ்வரன் மாமா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

டைரக்டர் கோபப்படவில்லை. "கமலாக்ஷி, நீ சயன்ஸ் படிச்சவளோன்னோ? நீயே சொல்லு. காடு மாதிரி இருக்கு, சரி. காடு வளர்ப்பு மாதிரி இருக்கோ?"

தீர்மானத்தின் அடியில் தேதி போட்டேன். அதை நிதியத்துக்கு முப்பதாம் தேதி டெலக்ஸில் அனுப்புவதென்று கூட்டம் முடிந்தது.

கபூலாவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். தீர்மானத்தைப் படித்துக் காட்டினேன். ஒரு சொல்லையும் விடவில்லை. விட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றிய இடங்களில்கூட.

"எல்லாவற்றையும் வெட்டச் சொல்கிறார்கள்."

"ஆமாம்."

"வெட்டிவிட்டு நட வேண்டும்."

"ஆமாம்."

"மழை தவறி நட்டதெல்லாம் காய்ந்துவிட்டால்?"

"அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது" என்றேன்.

அவர் ஈரத் துணியை இன்னொருமுறை பிழிந்தார். அதில் தண்ணீர் இல்லை. "வெட்டாவிட்டால் புகையிலைக்காரன் வந்து வெட்டுவான். எப்படியும் வெட்டு. என் ஊருக்கு நான் போய் என்ன சொல்வேன்? என் தம்பி கேட்பான், என் ஆட்டைத் திருப்பிக் கொடு என்று."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கபூலா நட்ட கன்றைப் பிடுங்க மேலே வந்த சந்தனமாரி அக்கா, "என்னம்மா ரெண்டு பேரும் எழவு வீட்டுல இருக்க மாதிரி நிக்கீக?" என்றார். விவரம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கன்றின் வேரிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"நட்டவன் பேருதானே கேக்காக? இந்தப் பெரிய சார் பேர எழுதிப் போடுங்க. மனுசன் குளுந்துருவாக."

"அவர் நடவில்லையே."

"யாருந்தான் நடல. அப்ப யார் பேரப் போட்டா என்ன?"

அன்று ராத்திரி முழுவதும் யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். பத்து நிமிஷம் யோசித்தேன். நேரில் சொல்லத் தைரியமில்லாததால் மறுநாள் காலை ஒரு குறிப்புத் தாள் எழுதி டைரக்டரின் மேஜையில் வைத்தேன். 'ம்வகிலா குன்றிலுள்ள மரங்கள் அனைத்தும் டைரக்டர் அவர்களின் தொலைநோக்கால் தூண்டப்பட்டவை என்பதால், அவற்றை டைரக்டர் நட்டதாகவே கருத இடமுண்டா என்பது கட்டளைக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது.'

ஒன்பதரைக்கு வைத்தேன். ஒன்பது முப்பத்தைந்துக்கு மணி அடித்தது.

"கமலாக்ஷி, இது உனக்கே தோணித்தா?"

தலையாட்டினேன். ஆமாவா இல்லையா என்று தெரியாத மாதிரி.

"நன்னா இருக்கு. பேஷா இருக்கு. நானே சொல்லிக்கக் கூடாதுன்னு பேசாம இருந்தேன்." விஸ்வேஸ்வரன் மாமாவைக் கூப்பிட்டார். "சூப்பரண்ட், என்ன ஆட்சேபம் உண்டு?"

"ஒண்ணுமில்லை சார். அவா அடைச்சது எழுபத்தொன்பதுல. நம்ம மையம் வந்தது எண்பத்திமூணுல. ஆடிட்ல கேட்டா?"

டைரக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"மையம் எண்பத்திமூணுல வந்தது. மையத்தைப் பத்தின எண்ணம் எனக்கு அதுக்கு முன்னாலேயே வந்துடுத்து. எண்ணத்துக்கு ஆடிட் கிடையாது."

பிறகு படிவத்தை நிரப்ப உட்கார்ந்தோம். நட்ட கன்றுகள் எத்தனை என்று கேட்டேன். இரண்டு லட்சம் என்று போட்டால் ஊகம் மாதிரி இருக்கும் என்றார் விஸ்வேஸ்வரன் மாமா. எண்ணிப் பார்த்த மாதிரி இருக்க வேண்டுமானால் கடைசியில் ஏழு வர வேண்டும். 2,14,607 என்று போட்டோம். பட்டுப்போனவை 12,311. நடும் முறை என்ற கட்டத்தில் 'தூர நடுகை' என்று டைரக்டர் சொந்தக் கையால் எழுதினார். நாடா வெட்டப்பட்டதா? ஆம், மானசீகமாக.

தேதியில்தான் சிக்கல் வந்தது. 1979-இல் ஏதோ ஒரு நாள் என்று போட்டுவிடலாம் என்றேன். விஸ்வேஸ்வரன் மாமா என்னைப் பார்த்த பார்வையில் எங்கள் தெருவே இருந்தது.

"ஏதோ ஒரு நாளா? பிரதமைல போய்க் கன்னு நடுவாளோ?"

மத்தியானம் வீட்டுக்குப் போய் எட்டு வருஷத்துப் பழைய பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். டைரக்டரின் நட்சத்திரத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார். நான்கு முகூர்த்தங்கள் கிடைத்தன. ஒன்றில் ராகு காலம் உரசியது. ஒன்று டைரக்டருக்குச் சந்திராஷ்டமம். ஒன்றில் அவர் மைத்துனிக்குக் கல்யாணம். அவர் பந்தலில் நின்ற போட்டோ இருக்கிறது, ஆடிட்டில் மாட்டிக்கொள்ளும். கடைசியில் வைகாசியில் ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்று முடிவாயிற்று.

"அன்னிக்கு நான் என்ன பண்ணிண்டிருந்தேன்?" என்று டைரக்டர் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. "ஞாபகம் இருக்கு. மனசுக்கு ஏதோ ஒரு நிறைவா இருந்தது. ஏன்னு அப்போ தெரியலை."

இருபத்திரண்டு கட்டங்களும் நிரம்பின. அதற்குக் கீழே ஒரு வரி அச்சிடப்பட்டிருந்தது. 'மேற்கண்டவர் மேற்கண்ட மரங்களை நட்டதை நான் நேரில் கண்டேன்.' விஞ்ஞானப் பட்டதாரி ஒருவர் கையெழுத்திட வேண்டும். மையத்தில் அப்படி ஒருவர்தான் இருந்தார்.

விஸ்வேஸ்வரன் மாமா பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. அந்தத் தேதியில் நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். அது ஒரு காரணமே இல்லை. ஏழு வருஷம் குன்றைக் காத்தவர்களின் பெயர் படிவத்தில் எங்கேயும் இல்லை. அதற்குக் கட்டமும் இல்லை. ஓரத்தில் எழுதலாமா என்று பார்த்தேன். ஓரம் முழுவதும் முத்திரைக்கு.

"என்ன குட்டி, கை வலிக்கறதா?" என்றார் டைரக்டர்.

"ரெண்டு நிமிஷம் சார்" என்று படிவத்தை எடுத்துக்கொண்டு சாயா போடும் இடத்துக்குப் போனேன்.

கபூலா தன் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலப் படகில் கிளம்ப வேண்டும். படிவத்தை முதல் கட்டத்திலிருந்து படித்துக் காட்டினேன். வைகாசி வியாழக்கிழமைவரை பேசாமல் கேட்டார். கடைசி வரியையும் படித்துவிட்டு, "நீங்கள் வேண்டாமென்றால் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன்.

"இதில் கையெழுத்து விழுந்தால் குன்று யார் பெயருக்கு வரும்?"

"உங்கள் கிராமத்தின் பெயருக்கு. அது ஒப்பந்தத்தில் இருக்கிறது. நட்டவர் என்று மட்டும் டைரக்டர் பெயர் இருக்கும்."

"அவர் வந்து பார்ப்பாரா?"

"மாட்டார். ஜன்னலிலிருந்து பார்ப்பார்."

கபூலா மூட்டையின் முடிச்சை இறுக்கினார். சந்தனமாரி அக்கா ஸ்டவ்வின் திரியைத் தாழ்த்தினார்.

"அவருக்கு ஆடு இருக்கிறதா?" என்று கேட்டார் கபூலா.

"இல்லை."

"மாடு?"

"இல்லை. ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது."

"அது தளிர் தின்னுமா?"

"தின்னாது."

"அப்புறம் என்ன யோசனை? போடு."

படிவத்தைப் பால் டின்னின் மூடிமேல் வைத்துக் கையெழுத்திட்டேன். பதவி என்ற இடத்தில் 'நேரில் கண்டவர்' என்று ஏற்கெனவே டைப் செய்திருந்தார்கள்.